முப்பத்தேழு டிகிரி

பிரசவத்தில் கிழிந்த இடத்தைத் தைக்கிற நூலுக்கு இரண்டே வேலைகள். சதை ஒட்டும்வரை பிடித்துக்கொண்டிருக்க வேண்டும், ஒட்டிய பிறகு கரைந்து போக வேண்டும். கேட்பவர்களுக்கு இது ஒரு விஷயமாகவே தெரியாது. "தக் டீம் லீடர் இத்தனை வருஷமா ஒரே நூலைத் திரிச்சிட்டிருக்காங்க" என்று எங்கள் நூல் கம்பெனி விருந்துகளில் என்னைக் காட்டிச் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சோஜு சாராயத்தை ஒரே மடக்கில் குடித்துவிட்டுச் சிரித்து வைப்பேன். உள்ளே பற்றிக்கொண்டு வரும்.

பழைய நூல் ஒன்றும் மோசமில்லை என்பார்கள் ஆண்கள். அவர்கள் அதன்மேல் உட்கார்ந்ததில்லை. அது கெட்டியான பின்னல் நூல். முடிச்சு ஒவ்வொன்றும் அரிசிக் குருணை மாதிரி உறுத்தும். காயம் ஆறி, பிள்ளை குப்புற விழுந்து தலை தூக்குகிற காலம்வரை உள்ளேயே கிடந்து குத்தும். பொறுக்க முடியாத பெண்கள் ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போய் மிச்ச நூலைப் பிடுங்கி விடச் சொல்வார்கள். நான் பிள்ளை பெற்றவள் இல்லை. கல்யாணமே ஆகவில்லை, இனி அந்த எண்ணமும் இல்லை. ஆனால் என் தோழி ஒருத்தி உட்கார முடியாமல், ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே பிள்ளைக்குப் பால் கொடுத்ததை ஒருமுறை பார்த்தேன். பிள்ளை குடித்துக்கொண்டிருந்தது, அவள் அழுதுகொண்டிருந்தாள். அன்றைக்கு வந்த கோபத்தில் தொடங்கியதுதான் எங்கள் புது நூல்.

ஒற்றை இழை. மிருதுவான பூச்சு. முடிச்சு சின்னது, தொட்டால்கூடத் தெரியாது. சதை ஒட்டுகிற காலத்துக்கு மட்டும் பிடித்து நிற்கும், அப்புறம் மளமளவென்று கரைந்துவிடும். இதை எப்படி உறுதி செய்வது என்றால், ஆய்வுக்கூடத்தில் ஒரு தொட்டி இருக்கிறது. அதில் உடம்பின் உப்பு, உடம்பின் சூடு, முப்பத்தேழு டிகிரி. நூலை அதில் ஊறப் போட்டு, அவ்வப்போது எடுத்து எந்திரத்தில் மாட்டி அறுபடும்வரை இழுத்துப் பார்ப்போம். உலகத்தில் நூல் செய்கிற எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். பிறகு முயல்களில் போட்டுப் பார்த்தோம். எல்லாம் சொன்னபடி கேட்டது. அதன்பிறகுதான் தேஜோன் நகரில் உள்ள மகப்பேறு ஆஸ்பத்திரி ஒன்றில், சம்மதிக்கிற தாய்மார்களுக்கு மட்டும் போட்டுச் சோதிக்க ஆரம்பித்தோம்.

என் தங்கை நாரேவுக்கும் அங்கேதான் பிரசவம். சோதனையில் சேராதே என்றுதான் அவளிடம் சொன்னேன். நான் சொல்லி அவள் எதைக் கேட்டிருக்கிறாள்?

"ஊர்ல இருக்கிற பொம்பளைங்களுக்கெல்லாம் நல்ல நூலு, எனக்கு மட்டும் குத்துற நூலா? போக்கா."

"இது சோதனைடி. முடிவு தெரியாததாலதான் சோதனைன்னு பேரு."

"நீ செஞ்சதுதானே? உன் மூஞ்சியில சிரிப்பு வர்றதே இந்த நூலைப் பத்திப் பேசுறப்பதான். அப்ப நல்லதாத்தான் இருக்கும்."

ஆஸ்பத்திரியில் சோதனையை நடத்துகிற டாக்டர் சொனூவிடம் போய், இவள் என் தங்கை என்று சொல்லிவிட்டேன். "தெரிஞ்சுதானே வர்றா, வரட்டும்" என்றார் அந்த அம்மாள். அதிகம் பேசாதவர். கையுறையைக் கழற்றும்போதுதான் மனிதர்களை நிமிர்ந்து பார்ப்பார்.

நாரேவுக்குப் பெண் பிறந்தது. வயிற்றில் இருந்தபோதே கிழங்கு என்று செல்லப் பெயர் வைத்துவிட்டார்கள். ஸ்கேனில் பார்க்க உருளைக்கிழங்கு மாதிரி இருந்ததாம். பிறந்த பிறகும் அப்படியேதான் இருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து அம்மாவும் பிள்ளையும் நேராக 'முதல் பனி' இல்லத்துக்குப் போனார்கள். பிள்ளை பெற்றவர்கள் போய்ப் படுத்துத் தேறுகிற இல்லங்களிலேயே ஊரில் பெரியது அது. நாரேவின் புருஷன் பல மாதம் முன்பே இடம் சொல்லி வைத்திருந்தான். என் பங்குக்கு நானும் ஒரு பரிசு அனுப்பினேன். அப்புறம் நிம்மதியாக என் வேலையைப் பார்த்தேன்.

ஒரு நாள் மத்தியானம், கம்பெனி உணவகத்தில் கல்குக்சு நூடுல்ஸ் ஆறிக்கொண்டிருக்கும்போது டாக்டர் சொனூவிடமிருந்து போன் வந்தது.

"தக் டீம் லீடர், தையல் விட்டுப் போச்சுன்னு ரெண்டு பேர் வந்தாங்க. சரி, எங்கேயும் நடக்கிறதுதானேன்னு விட்டேன். இன்னிக்கு மூணாவதா ஒருத்தி வந்திருக்கா."

"கிருமியா டாக்டர்?"

"சீழ் இல்ல, காய்ச்சல் இல்ல. நூலுதான் குழைஞ்சு போயிருக்கு. தொட்டா கையோட வருது. கரையிற நேரமே இன்னும் வரலையே?"

"வரல. எல்லாருக்குமா இப்படி?"

"அதுதான் எனக்கும் புரியல. வீட்டுக்குப் போனவங்க நல்லா இருக்காங்க. சூப்புக் கடை வச்சிருக்கிற ஒருத்தி, பிள்ளையை மாமியார்கிட்ட குடுத்துட்டுக் கடையில போய் நின்னுட்டா. நான் திட்டாத திட்டு இல்ல. அவளுக்கு அழகா ஆறியிருக்கு. விட்டுப் போன மூணு பேரும் ராணி மாதிரி படுத்திருந்தவங்க. மூணு பேருமே முதல் பனி இல்லம்."

நூடுல்ஸை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். நன்றாகக் கவனித்துக்கொள்ளப்பட்டவளுக்குக் கிழிகிறது, ஓடியாடி வேலை செய்தவளுக்கு ஆறுகிறது. இது என்ன கூத்து என்று யோசித்தபடியே நடந்தவளுக்கு, நாரேவும் அங்கேதான் படுத்திருக்கிறாள் என்பது மாடிப்படியில்தான் உறைத்தது.

எங்கள் டைரக்டர் பியோ, மீன்பிடி நூல் பிரிவிலிருந்து வந்தவர். எந்த நூலைப் பார்த்தாலும் மறுமுனையில் மீன் இருப்பதாகவே நினைப்பார். விஷயத்தைச் சொன்னதும் மேஜையைத் தட்டினார்.

"மூணு பேரும் ஒரே இடமா? அப்ப அந்த இடத்துலதான் கோளாறு. நூலு சுத்தம். அங்கதான் ஏதோ கிருமி."

"சீழே இல்லைங்கறாங்க சார்."

"டாக்டருக்கு என்ன தெரியும்? நீங்களே நேர்ல போங்க. தண்ணி, துணி, தரை, எல்லாத்துலயும் பஞ்சுக்குச்சியால தேய்ச்சு எடுத்துட்டு வாங்க. அழுக்கு கிடைக்காம திரும்பி வராதீங்க, தக் டீம் லீடர்."

அழுக்கு கிடைத்தால் என் நூல் பிழைத்தது. உண்மையைச் சொன்னால், போகிற வழியெல்லாம் அந்த இல்லம் குப்பைமேடாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேதான் போனேன்.

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே கால் வைத்ததும் என் கண்ணாடி முழுக்க ஆவி படர்ந்தது. அந்த இல்லத்தில் புருஷனைத் தவிர வேறு யாரையும் விடமாட்டார்கள். கம்பெனி அட்டையைக் காட்டி, கை கழுவி, முகமூடியும் அங்கியும் மாட்டிக்கொண்டுதான் போக முடிந்தது. துடைத்து வைத்த வெண்கலப் பாத்திரம் மாதிரி பளபளவென்று இருந்தது இடம். மூலை முடுக்கெல்லாம் குனிந்து பார்த்தேன். குளியலறைச் சந்துகளில்கூடப் பஞ்சுக்குச்சி வெள்ளையாகவே வெளியே வந்தது. தலைமைச் செவிலி என் பின்னாலேயே நடந்து, "கட்டிலுக்கு அடியிலயும் பாருங்க மேடம், வெக்கப்படாதீங்க" என்றாள். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் இதைவிட மோசமாகப் பேசியிருப்பேன்.

கடைசியாக நாரேவின் அறைக்குப் போனேன். கட்டிலில் ஆள் இல்லை. ஜன்னல் ஓரத்தில், கழுத்திலிருந்து தரைவரை தொங்கும் அங்கிக்குள், கூடாரம் போட்டு உட்கார்ந்த மாதிரி இருந்தாள். முகமெல்லாம் வேர்வை. அங்கியின் கழுத்து வழியாக ஆவி கசிந்துகொண்டிருந்தது. அறை முழுக்க ஸுக் என்கிற மூலிகை இலையின் கசப்பு வாசனை.

"வாக்கா! நீ வர்றேன்னு சொல்லவே இல்லையே. பாரு, உன் பரிசுலதான் உட்காந்திருக்கேன்."

ஆமாம், என் பரிசுதான். நடுவில் ஓட்டை வைத்த மரப்பெட்டி. கீழே மின்சாரச் சட்டியில் ஸுக் இலை கொதிக்கும், மேலே பிள்ளை பெற்றவள் உட்கார்ந்து அடியில் ஆவி பிடிப்பாள். கடையில் இருந்ததிலேயே சூடு அதிகம் வருகிற பெட்டியைக் கேட்டு வாங்கி, சிவப்பு நாடா கட்டி அனுப்பியவள் நான்தான்.

"தினமும் உட்கார்றியா?"

"காலைல, மத்தியானம், படுக்கப் போறப்ப. நடுவுல வெந்நீர்த் தொட்டி. அப்புறம் தரைக்கு அடியில ஓடுற வெந்நீரைக் கூட்டித் தரையைச் சூடாக்கிட்டு அதுலயே படுத்துக்கிறது. அம்மா போன் பண்ணிப் பண்ணிக் கேக்குறா, சூடு போதுமா போதுமான்னு. எலும்புக்குள்ள குளிர் போயிருமாம். இங்க எல்லாரும் அப்படித்தான், பக்கத்து ரூம்காரி என் பெட்டியைக் கேட்டு வாங்கிட்டுப் போறா."

அங்கியின் ஓரத்தைத் தூக்கி உள்ளே கையை விட்டேன். விட்ட வேகத்தில் எடுத்துவிட்டேன்.

கையைத் தவிர வேறு எந்தக் கருவியும் தேவைப்படவில்லை. சூடு ஏறினால் நூல் சீக்கிரம் கரையும் என்பது எங்கள் வேலையின் அரிச்சுவடி. பழைய நூலுக்குப் பலம் மிச்சம் மீதி இருந்தது, இந்தச் சூட்டையெல்லாம் தாங்கிக்கொண்டது. நானோ மிச்சம் மீதி எல்லாவற்றையும் வழித்துத் துடைத்து எடுத்துவிட்டிருந்தேன். தேவைக்கு மேல் ஒரு நாள்கூடக் குத்தக் கூடாது என்பதுதானே என் பெருமை.

எங்கள் குழுவில் இருப்பவர்கள் யாரும் வேற்று கிரகத்திலிருந்து வரவில்லை. எங்கள் எல்லோருடைய அம்மாவும் பிள்ளை பெற்றுச் சூடான தரையில் கிடந்தவள்தான். எங்கள் குழுவின் சோ, அவன் மனைவிக்கு வெந்நீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு வேலைக்குத் தாமதமாக வந்த கதையை எங்களிடமே சொல்லியிருக்கிறான். நாங்களும் கேட்டுச் சிரித்துவிட்டு, வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு போய் முப்பத்தேழு டிகிரித் தொட்டியில் நூலை ஊறப் போட்டிருக்கிறோம். யாரோ எங்கோ எழுதி வைத்த எண் அது. வெந்நீரில் உட்காராத, குளிர்ந்த தரையில் செருப்போடு நடக்கிற பெண்களுக்கு அது சரியாக இருக்கலாம். எங்கள் பெண்களை எங்களுக்குத் தெரியும் என்பதாலேயே அவர்களைப் பற்றி ஒருவரும் யோசிக்கவில்லை.

"எந்திரி" என்றேன்.

"ஏன்? இன்னும் பாதி நேரம்கூட ஆகல. இப்பதான் வலி இல்லாம உட்காந்திருக்கேன்."

"எந்திரிடி நாரே!"

என் குரலில் என்ன இருந்ததோ, எழுந்தாள். சட்டியை அணைத்தேன். அவளைக் கட்டிலில் படுக்க வைத்து விஷயத்தைச் சொன்னேன். அவளுக்குப் புரிகிற மாதிரி சொல்வது கஷ்டமாகவே இல்லை. அதுவே எனக்கு அவமானமாக இருந்தது, அவ்வளவு எளிதான விஷயம்.

கேட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப நீ குடுத்த நூலை நீ குடுத்த பெட்டியே தின்னுருச்சா?"

சட்டியின் வயரைப் பிடுங்கிச் சுருட்டினேன்.

"அக்கா," என்றாள், சின்னப் பெண் மாதிரி. "காலையிலேர்ந்தே ஒரு மாதிரி இருக்கு. அந்த இடத்துல ஏதோ விட்டாப்பல. சூடு காட்டினா சரியாயிடும்னு நினைச்சு, இன்னிக்கு ரொம்ப நேரம் உட்காந்தேன்."

ஆஸ்பத்திரிக்கு வண்டி வரச் சொல்லிவிட்டு, நடைவழியில் நின்று டைரக்டரைக் கூப்பிட்டேன். அவர் திட்டுவார் என்று நினைத்தேன். சந்தோஷத்தில் துள்ளிக் குதித்தார்.

"பாத்தீங்களா? நூல் மேல தப்பே இல்ல! வெந்நீரும் ஆவியும்தான் தப்பு. குறிப்புச் சீட்டுல ஒரு வரி சேத்துடுங்க. தையல் ஆறும்வரை சூடு வைக்கக் கூடாது. முடிஞ்சுது."

"அதை யாரு சார் படிப்பா?"

"படிக்கலேன்னா அவங்க பாடு. கிழிஞ்சா அவங்க தப்பு, நம்ம தப்பில்ல. தக் டீம் லீடர், உங்க நூலு பிழைச்சிருச்சு, சந்தோஷப்படுங்க."

ஒரு நிமிஷம் அந்த வரி எனக்கும் இனித்தது. ஒரே ஒரு வரி, என் முப்பதுகள் முழுவதும் வீணாகாமல் தப்பித்துவிடும். ஆனால் மகளுக்குச் சூடு போதுமா என்று போன் மேல் போன் போடுகிற அம்மாவிடம் போய் அந்த வரியை யார் வாசித்துக் காட்டுவது? அவள் மகளைக் குளிரில் போட்டு வைப்பாளா, அந்தக் காகிதத்தைக் கசக்கிப் போடுவாளா என்பது எனக்குத் தெரியும். அப்புறம் தையல் கிழிந்தால், பெற்றவளும் வலித்தவளும் குற்றவாளி, நான் நல்லவள்.

டாக்டர் சொனூ நாரேவைப் பார்த்தார். அதிக நேரம் பார்க்கவில்லை.

"விட்டிருக்கு. பாதிக்கு மேல. நல்லவேளை இடம் சுத்தமா இருக்கு, இப்பவே திரும்பத் தைச்சிடலாம்."

நாரே கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். கண்ணின் ஓரத்தில் நீர் வழிந்து காதுக்குள் போனது. நான் துடைக்கப் போனேன், முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தட்டில் இரண்டு உறைகள் இருந்தன. ஒன்று என்னுடையது. உறையின் நிறத்தைக்கூட நான்தான் தேர்ந்தெடுத்தேன், இளம்பச்சை. இன்னொன்று, இத்தனை வருஷம் நான் வாய் ஓயாமல் திட்டிய பழைய நூல்.

"உங்க டைரக்டர் இப்பதான் பேசினாரு" என்றார் டாக்டர். "சூடு படாம பாத்துக்கிட்டா உங்க நூலு பிடிக்குமாம். காரணம் கண்டுபிடிச்சாச்சாம். இவளுக்கு எதைப் போடட்டும்?"

"எங்கிட்ட ஏன் கேக்குறீங்க டாக்டர்?"

"நூலு உங்களுது. தங்கச்சியும் உங்களுது. வேற யாரைக் கேக்குறது?"

நாரே முகத்தைத் திருப்பாமலே, "அக்கா சொல்லட்டும்" என்றாள்.

சூடு வைக்கமாட்டேன் என்று அவளைச் சத்தியம் பண்ண வைக்கலாம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். நாளைக்குச் சொந்த ஊரான கோங்ஜுவிலிருந்து அம்மா பிரசவச் சூப்புக்குக் கடற்பாசியும் ஸுக் இலையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்து இறங்குவாள். நான் எத்தனை நாள் அவளைத் தடுப்பேன்? இவளுக்கு வேண்டுமானால் காவல் இருக்க ஒரு அக்கா இருக்கிறாள், மற்றவளுக்கு அதுவும் இல்லை.

"பழசு போடுங்க" என்றேன்.

டாக்டர் இளம்பச்சை உறையை எடுத்து ஓரமாக வைத்தார். ஆனால் மற்றதைப் பிரிக்கவில்லை. கையுறையைக் கழற்றவும் இல்லை, இருந்தும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"பக்கத்து ரூம்ல ஒரு பொண்ணுக்கு வலி எடுத்திருக்கு. சம்மதம் குடுத்திருக்கா. அவளுக்கு எதைப் போடட்டும்?"

என் தங்கைக்கு வேண்டாம் என்று நான் சொன்னதை அந்த அறையில் எல்லோரும் கேட்டாயிற்று. அதை இனி விழுங்க முடியாது.

"அவளுக்கும் பழசே போடுங்க."

"அதுக்கு அடுத்தவளுக்கு?"

"நிறுத்திடுங்க டாக்டர். சோதனையை நிறுத்திடுங்க. டைரக்டர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

அவர் தலையை ஆட்டிவிட்டுப் பழைய நூலின் உறையைப் பிரித்தார். ஊசி இறங்கியபோது நாரே என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். மரத்துப்போக ஊசி போட்டிருந்தும் பிடி எலும்பில் இறங்கியது.

"பழசு குத்துமாக்கா?"

"குத்தும்."

"ரொம்ப நாளைக்கா?"

"கிழங்கு குப்புற விழுந்து தலை தூக்குற வரைக்கும்."

"அவ சோம்பேறி. லேசுல தூக்கமாட்டா" என்றாள். சிரிக்கப் பார்த்தாள், அழுகைதான் வந்தது.

மறுநாள் காலையில் கம்பெனியில் நடந்ததைச் சொல்ல ஒன்றுமில்லை. பியோ டைரக்டர் கத்தினார். நானும் கத்தினேன். ஒரு தங்கச்சிக்காகக் கம்பெனியையே கரைச்சுட்டீங்களே என்றார். அந்தக் காயம் உங்க வீட்டுப் பொம்பளைங்க யாருக்காவது இருந்தா இப்படிப் பேசுவீங்களா என்று கேட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தேன். இனி அந்தக் குழு என் கையில் இருக்குமோ இருக்காதோ தெரியாது. ஆய்வுக்கூடத்துக்குப் போய்த் தொட்டியின் சூட்டை ஏற்றி, புதிதாக நாலைந்து நூல்களை ஊறப் போட்டேன். சோ பக்கத்தில் வந்து நின்றான். மனைவிக்கு எவ்வளவு சூட்டில் வெந்நீர் வைத்தாய் என்று கேட்டேன். அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை.

மத்தியானம், நாரே திரும்பியிருந்த முதல் பனி இல்லத்துக்குப் போனபோது, அம்மா வந்து ஸுக் இலையோடு வாசலில் செவிலியிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். கம்பெனி அட்டையைக் காட்டி அவளைத் தாண்டி உள்ளே போனேன். நாரேவின் அறையில் கிழங்கு பசியில் வீறிட்டுக்கொண்டிருந்தாள். நாரே கட்டிலின் விளிம்பில் உட்காரப் பார்த்தாள். முகம் சுருங்கியது. இன்னொரு முறை பக்கவாட்டில் உட்காரப் பார்த்தாள். அப்புறம் எழுந்து போய் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பிள்ளையைக் குடுக்கா" என்றாள்.

கிழங்கைத் தூக்கிக்கொண்டு போய் அவள் மார்போடு சேர்த்துப் பிடித்தேன். கையை எடுத்தால் பிள்ளை நழுவிவிடும், அதனால் நானும் கூடவே நின்றேன். பிள்ளை குடித்து முடிக்கிறவரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றிருந்தோம். காலுக்கு அடியில் தரை சூடாக இருந்தது.